ஆனதும் ஆகியிருக்கக்கூடியதும்

1

1891ஆம் ஆண்டு. அட்ரியாடிக் கடலோரத்தில் ட்ரியெஸ்ட் நகரம். ஹான்ஸ் ட்ரீஷ் என்ற இளம் ஜெர்மன் உயிரியலாளர் ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் கடல்நீரை எடுத்து, அதில் கடல் முள்ளெலியின் கருக்களைப் போட்டு வேகமாகக் குலுக்குகிறார். கடல் முள்ளெலி என்பது உடம்பு முழுக்க முள்ளோடு பந்துபோல இருக்கும் பிராணி. அதன் முட்டை கண்ணாடிபோலத் தெளிவானது, உடம்புக்கு வெளியே கடல்நீரிலேயே கருவுறுவது. அதனாலேயே கருவியல்காரர்களுக்குப் பிரியமானது. ட்ரீஷ் குலுக்கிய கருக்கள் ஒரே ஒரு முறைதான் பிளந்திருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டே செல்கள். குலுக்கலில் சில கருக்களின் இரண்டு செல்களும் பிரிந்து தனித்தனியாக மிதந்தன.

தனியான செல் என்ன ஆகும்? அவருக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. மூன்று வருடம் முன்னால், 1888இல், வில்ஹெல்ம் ரூ தவளைக் கருவில் இதே போன்ற ஒரு சோதனையைச் செய்திருந்தார். இரண்டு செல்களில் ஒன்றைச் சூடான ஊசியால் குத்திக் கொன்றார். மிச்சமிருந்த செல்லிலிருந்து பாதித் தவளைக் கருதான் வந்தது. ஆகவே கரு என்பது ஒரு மொசைக், ஒவ்வொரு செல்லும் தன் பங்கை மட்டும் சுமந்து பிறக்கிறது என்று ரூ முடிவுகட்டினார்.

ட்ரீஷின் செல்களும் முதலில் அப்படித்தான் நடந்துகொண்டன. பாதிக் கருவாகவே பிளந்து, மாலைக்குள் திறந்த அரைக்கோளமாக நின்றன. மறுநாள் காலை பார்த்தால் அரைக்கோளத்தின் விளிம்புகள் மூடிக்கொண்டு முழுக் கோளமாகியிருந்தது. அதிலிருந்து குடல், எலும்புக்கம்பிகள் எல்லாம் உள்ள ஒரு முழு லார்வா வந்தது. அளவில்தான் சிறியது, வடிவில் ஒரு குறையும் இல்லை. பிறகு நாலு செல் பருவத்திலும் பிரித்துப் பார்த்தார்கள். அப்போதும் ஒவ்வொன்றும் முழு லார்வா ஆகக்கூடியதாக இருந்தது.

ரூவின் சோதனையில் ஒரு விஷயம் கவனிக்காமல் விடப்பட்டிருந்தது. கொன்ற செல்லை அவர் அப்புறப்படுத்தவில்லை. அது செத்தும் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உயிரோடிருந்த செல்லுக்குத் தான் தனியாகிவிட்டது தெரியவில்லை. பிற்பாடு வேறொருவர் தவளைக் கருவின் ஒரு செல்லை முழுக்க உறிஞ்சி எடுத்துப் பார்த்தபோது, மிச்சமுள்ளது முழுக் கருவாகவே வளர்ந்தது.

இந்தச் சோதனையிலிருந்து ட்ரீஷ் இரண்டு கருத்துகளைப் பிரித்தெடுத்தார். ஒன்று, ஒரு செல் இயல்பான போக்கில் என்னவாக ஆகப்போகிறது என்பது. இரண்டு, அது என்னவாக ஆகக்கூடும் என்பது. நாலு செல்களில் ஒன்று ஆகப்போவது லார்வாவின் கால்வாசி. ஆகக்கூடியது முழு லார்வா. ஆகக்கூடியது ஆகப்போவதைவிடப் பெரியது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

2

நான் உயிரியல் படித்தவன் இல்லை. பொறியியல் படித்து மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். கருவியலுக்குள் நான் போனது ஒரு தகராறு வழியாக.

எங்கள் வேலையில் ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்கார வேண்டியிருக்கும். ஒருமுறை வந்தவர் ஒன்பது வருடம் சப்போர்ட் பிரிவில் இருந்தவர். புரோகிராம் எழுதும் வேலைக்கு மாறக் கேட்டு வந்திருந்தார். அவர் போன பிறகு டீ குடிக்கும்போது உடன் வேலை செய்யும் நண்பன் சொன்னான்: “ஒன்பது வருஷமா டிக்கெட் மட்டும்தான் மூடிட்டு இருந்திருக்கான். அவனால முடியும்னா இந்நேரம் எழுதியிருக்க மாட்டானா? தெறம இருக்கிறவன எங்க தூக்கிப் போட்டாலும் மேல வந்துருவான் மச்சான்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லிக் கேட்டிருப்போம். கேட்க நல்ல வாக்கியம்தான், ஊக்கம் தருகிற மாதிரி இருக்கும். ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே வராதவனுக்குத் திறமை இல்லை என்றாகிவிடும். ஒரு மனிதர் என்னவாக ஆகியிருக்கிறாரோ, அதை வைத்தே அவர் என்னவாக ஆகியிருக்கக்கூடும் என்று அளந்துவிடுகிறது அந்த வாக்கியம். ட்ரீஷ் பிரித்துவைத்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறது.

இதில் என் பணம் இருக்கிறது, என் மரியாதை இருக்கிறது, என்னைப் பற்றி நான் வைத்திருக்கும் கதையும் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டி ஓரளவு வசதியாக நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கு ‘இது நானே சம்பாதித்தது’ என்கிற கதை ரொம்ப முக்கியம். அந்தக் கதை உண்மையா என்பது எனக்குச் சும்மா தத்துவக் கேள்வி இல்லை. அது பொய் என்றால் நான் சிலருக்குக் கடன்பட்டவன். உண்மை என்றால் யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை.

3

ட்ரீஷ் தன் கண்டுபிடிப்பை வைத்து எங்கே போனார் என்பது சோகமான கதை. ஒரு இயந்திரத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு சின்ன இயந்திரங்கள் கிடைக்காது. கரு அப்படிக் கிடைக்கச் செய்கிறது. ஆகவே கரு இயந்திரம் இல்லை, அதை நடத்துவது பௌதிகத்துக்கு அப்பாற்பட்ட ஒன்று என்று வாதிட்டார். அரிஸ்டாட்டிலிடமிருந்து ‘என்டலெக்கி’ என்ற சொல்லை எடுத்து அதற்குப் பெயராக வைத்தார். 1907, 1908ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இதைப் பற்றிப் பேருரைகள் ஆற்றினார். சோதனைக்கூடத்தை விட்டுவிட்டுத் தத்துவப் பேராசிரியர் ஆனார்.

அந்த வாதத்தைப் படித்தால் மென்பொருள்காரனுக்கு உடனே ஒரு ஆட்சேபம் தோன்றும். இயந்திரம் என்றால் பல்சக்கரமும் நெம்புகோலும் என்று நினைத்திருந்த காலத்து மனிதர் அவர். எல்லாப் பகுதியிலும் முழு நிரலின் ஒரு பிரதி இருந்தால் என்ன? வெட்டினாலும் இரண்டு பக்கமும் முழு நிரல் இருக்குமே.

உண்மையில் அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் மொத்த மரபணுத் தொகுதியும் இருக்கிறது. 2006இல் ஊதாக் கடல் முள்ளெலியின் மரபணுத் தொகுதியை வாசித்து முடித்தார்கள். சுமார் 81 கோடி எழுத்துகள், 23,000க்கு மேல் மரபணுக்கள். மனித மரபணுக்களின் எண்ணிக்கையிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. ஆனால் இது கேள்வியைத் தள்ளிப்போடுகிறதே தவிரத் தீர்ப்பதில்லை. எல்லோரிடமும் ஒரே நிரல் இருந்தால், ஒரு செல் குடலாகவும் இன்னொன்று எலும்பாகவும் ஆவது எப்படி? தான் யார் என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுத்தான். தவிர, தான் முட்டையின் எந்தப் பகுதியிலிருந்து வந்தோம் என்பதை வைத்து.

இரண்டாவது காரணத்தை முதலில் சொல்கிறேன். ட்ரீஷின் முடிவுக்கு அது எல்லை போடுகிறது. கடல் முள்ளெலி முட்டைக்கு மேல், கீழ் உண்டு. முதல் இரண்டு பிளவுகளும் மேலிருந்து கீழாக, ஆரஞ்சுச் சுளை பிரிப்பதுபோல நடக்கின்றன. அதனால் முதல் நாலு செல்களிலும் மேல்பாகமும் இருக்கும், கீழ்பாகமும் இருக்கும். மூன்றாவது பிளவு குறுக்கே போகிறது. இப்போது எட்டு செல்கள், நாலு மேலே, நாலு கீழே. 1930களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் ஹோர்ஸ்டேடியஸ் இந்த மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிரித்து வளர்த்தார். மேல்பாதி முழு லார்வா ஆகவில்லை, மயிரிழைகள் கொண்ட வெறும் உருண்டையாக நின்றுவிட்டது. கீழ்பாதிக்குக் குடல் வந்தது. ஆக, ஆகக்கூடியதற்கும் எல்லை உண்டு. எல்லோராலும் எல்லாமும் ஆக முடியும் என்று இந்தக் கடல்பிராணி சொல்லவில்லை.

இனிப் பக்கத்துவீட்டு விஷயம். பதினாறு செல் பருவத்தில் கருவின் அடியில் நாலு குட்டிச் செல்கள் உருவாகின்றன. மைக்ரோமியர் என்று பெயர். இந்த நாலையும் பெயர்த்தெடுத்து இன்னொரு கருவின் உச்சியில் ஒட்டினார் ஹோர்ஸ்டேடியஸ். உச்சியில் இருந்த செல்கள் குடலாகவே ஆகக்கூடாதவை. ஆனால் புதுப் பக்கத்துவீட்டுக்காரர்கள் வந்ததும் அங்கேயும் ஒரு குடல் உருவாகத் தொடங்கியது. அந்தச் செல்களின் மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பக்கத்தில் யார் என்பது மட்டும்தான் மாறியது.

4

இந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்பது கடந்த நாற்பது ஐம்பது வருடங்களில் தெரியவந்த விஷயம். விண்ட், நாட்ச், ஹெட்ஜ்ஹாக், நோடல் உள்ளிட்ட டிஜிஎஃப்-பீட்டா குடும்பம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில சமிக்ஞைப் பாதைகள்தான். ஒரு செல் ஒரு புரதத்தை வெளியே விடும், அல்லது தன் மேற்பரப்பில் நீட்டும். பக்கத்துச் செல்லின் ஏற்பி அதைப் பிடிக்கும். உள்ளே சங்கிலியாகச் சில மாற்றங்கள் நடந்து கடைசியில் சில மரபணுக்கள் எழும், சில அடங்கும். ஈ, மீன், மனிதன் எல்லோரும் இதே சில பாதைகளை வைத்துத்தான் உடம்பைக் கட்டுகிறார்கள்.

2005இல் ஒரு கடல் சாமந்தியில் விண்ட் மரபணுக்களைத் தேடியவர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. மூளையில்லாத, தலையில்லாத அந்தப் பிராணியிடம் நம்மிடம் உள்ள விண்ட் கிளைக்குடும்பங்கள் ஏறக்குறைய எல்லாமே இருந்தன. அதைவிடச் சிக்கலான உடம்புள்ள பழ ஈயிடம் ஏழே ஏழு விண்ட் மரபணுக்கள். வழியில் பலவற்றைத் தொலைத்துவிட்டது. ‘கீழான’ பிராணியிடம் குறைவான சரக்கு இருக்கும் என்று நினைப்பது எவ்வளவு இயல்பாக வருகிறது, எவ்வளவு தப்பாக இருக்கிறது! கையில் என்ன இருந்தது என்பதை, கட்டப்பட்ட வீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. இந்தப் பாதைகளில் பல, ‘செய்’ என்று சொல்வதில்லை. ‘செய்யாதே’ என்பதை நிறுத்துகின்றன. விண்ட் பாதையில் பீட்டா-கேட்டனின் என்று ஒரு புரதம். செல் அதை ஓயாமல் தயாரிக்கிறது, ஓயாமல் அழிக்கிறது. சமிக்ஞை வந்தால் அழிப்பு நிற்கிறது, அவ்வளவுதான். தேங்கிய புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை எழுப்புகிறது. ட்ரீஷின் நண்பர் கர்ட் ஹெர்ப்ஸ்ட் 1892இலேயே கடல்நீரில் லித்தியம் உப்பைக் கலந்து கடல் முள்ளெலிக் கருவை வளர்த்துப் பார்த்திருக்கிறார். உள்ளே போகவேண்டிய குடல் வெளியே பிதுங்கி வளர்ந்தது. லித்தியம் அந்த அழிக்கும் நொதியைத் தடுக்கிறது என்பது நூறு வருடம் கழித்து 1996இல்தான் தெரிந்தது. தடையைத் தடுத்தாலே போதும், கரு தலைகீழாகிவிடும்.

மைக்ரோமியர்களின் கதையும் இதேதான். லார்வாவின் எலும்புக்கம்பிகளைக் கட்டுவது அவற்றின் வாரிசுகள். எலும்பு கட்டும் மரபணுக்கள் கருவின் எல்லாச் செல்களிலும் உண்டு. எல்லா இடத்திலும் ஹெஸ்-சி என்ற புரதம் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. மைக்ரோமியர்களில் மட்டும் பிமார்-1 என்ற இன்னொரு புரதம் வந்து ஹெஸ்-சியை அடக்குகிறது. கலிஃபோர்னியாவில் எரிக் டேவிட்சனின் ஆய்வுக்கூடம் இந்த லாஜிக்கை வரைபடமாகவே போட்டுக் காட்டியது. பிமார்-1ஐக் கரு முழுக்கச் செலுத்தினால் மற்றச் செல்களும் எலும்பு கட்டும் செல்களாகிவிடுகின்றன. ஆக, மைக்ரோமியருக்குக் கிடைத்தது கூடுதலான ஒரு திறமை இல்லை. எல்லோருக்கும் போடப்பட்ட தடை அதற்கு விலக்கப்பட்டது.

படிக்கும்போது என் கல்லூரி ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் லேப் ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதியின் கேட் ஆறரைக்கு மூடிவிடும். சொந்தமாக லேப்டாப் வைத்திருந்தவர்கள் வகுப்பில் நாலைந்து பேர்தான். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம், நாலு வருடம். நான் கோட் எழுதக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த இரண்டரை மணி நேரத்தில்தான். எனக்கு யாரும் சலுகை எதுவும் தரவில்லை. அதனால்தான் அது சலுகையாகவே தெரியவில்லை. ஒரு கேட் எனக்கு மட்டும் மூடவில்லை. கடைசி வருடம் கேம்பஸ் நேர்காணலுக்கு முன்னால் ஒருவர் வந்து “ஆர்வம் இருந்தா யார் வேணா கத்துக்கலாம்” என்று பேசினார். எல்லோரும் கைதட்டினோம். ஆர்வம் எல்லோருக்கும்தான் இருந்தது.

5

இன்னும் ஒரு சோதனை உண்டு. நண்பனுடைய வாக்கியத்துக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது.

1980களில் சார்ல்ஸ் எட்டென்சோன், டேவிட் மெக்லே என்ற இருவர், எலும்பு கட்டும் செல்கள் எல்லாம் கருவுக்குள் இறங்கிய பிறகு அவற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய இனத்தில் அவை சுமார் 64 செல்கள். கரு எலும்பில்லாமல் நிற்கவில்லை. நிறமிச் செல்களாகவும் வேறு செல்களாகவும் ஆகவேண்டிய சில, தங்கள் பாதையை விட்டு எலும்பு கட்டும் செல்களாக மாறின. எலும்பும் வந்தது. மொத்தமாக எடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால், மாறுகிறவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. அதாவது அந்தத் திறன் முதலிலிருந்தே இவர்களிடம் இருந்தது. எலும்பு கட்டுகிறவர்கள் அங்கே இருந்ததே ‘நீங்கள் வேண்டாம்’ என்ற செய்தியாக மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு நிகரான ஒன்று உண்டு. பல சர்வர்கள் சேர்ந்து ஓடும்போது எல்லாவற்றிலும் ஒரே நிரல்தான் இருக்கும். ஒன்று மட்டும் லீடராக இருக்கும். லீடர் சீரான இடைவெளியில் ‘நான் இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பும். அது வருகிறவரை மற்றவை அமைதியாக இருக்கும். செய்தி நின்றுபோனால் இன்னொன்று லீடராக எழும். அமைதியாக இருந்த சர்வரைப் பார்த்து ‘இதற்குத் திறமை இருந்தால் இந்நேரம் லீடர் ஆகியிருக்காதா?’ என்று எந்தப் பொறியாளரும் கேட்க மாட்டார். கேட்டால் சிரிப்பார்கள். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் இதை ஞானம் மாதிரி சொல்கிறோம்.

ஆனால் எல்லாம் சூழ்நிலைதான் என்று இங்கிருந்து தாவிவிட முடியாது. சமிக்ஞை ஒன்றாக இருந்தாலும் கேட்கிற செல்லைப் பொறுத்து அர்த்தம் மாறும். அதே நோடல் கடல் முள்ளெலியின் லார்வாவில் வலது பக்கம் எழுகிறது, முதுகெலும்புள்ள பிராணிகளில் இடது பக்கம். அதே நாட்ச் சமிக்ஞை ஓரிடத்தில் நரம்பாகாதே என்கிறது, இன்னோரிடத்தில் வேறு வேலை செய்கிறது. செல் அதுவரை நடந்துவந்த பாதை, எதைக் கேட்கும் நிலையில் அது இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. நேரம் தவறிய சமிக்ஞைக்குப் பல நேரம் பலன் இல்லை. உள்ளே இருப்பது பாதி, வெளியே இருப்பது பாதி என்று பங்கு பிரிக்கவும் முடியாது. இரண்டும் ஒன்றையொன்று உருவாக்கிக்கொண்டே போகின்றன.

6

இப்போது எனக்கே ஒரு பயம் வருகிறது. உடம்பைக் காட்டிச் சமூகத்துக்குப் பாடம் நடத்தியவர்களின் வரலாறு நல்லதாக இல்லை.

ரோமில் எளிய மக்கள் நகரத்தை விட்டு வெளியேறிப் போராடியபோது மெனேனியஸ் அக்ரிப்பா ஒரு கதை சொன்னதாக லிவி எழுதியிருக்கிறார். கையும் வாயும் பல்லும் வயிற்றுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனவாம், கடைசியில் எல்லாமே வாடிப்போயினவாம். ஆகவே போய் வேலையைப் பாருங்கள் என்பது கதையின் கருத்து. நம் பக்கம் புருஷ சூக்தம் இருக்கிறது. முகத்திலிருந்து ஒருவர், தோளிலிருந்து ஒருவர், தொடையிலிருந்து ஒருவர், பாதத்திலிருந்து ஒருவர். பாதத்திலிருந்து வந்தவர் பாதமாகவே இருக்கவேண்டும் என்பதற்கு எத்தனை நூற்றாண்டுகள் அது சான்றாகக் காட்டப்பட்டது! ஜெர்மனியில் நாஜிகள் தேசத்தை ஓர் உடம்பு என்றார்கள், உடம்புக்கு ஆகாத செல்கள் என்று மனிதர்களைச் சொன்னார்கள். முழுமை, உயிருடல் என்ற ட்ரீஷின் சொற்களுக்கும் அந்தக் காலத்தில் கிராக்கி இருந்தது. ட்ரீஷ் அதற்கு ஒத்துப்போகவில்லை. போருக்கு எதிரானவர் அவர். 1933இல் லைப்சிக் பல்கலைக்கழகத்திலிருந்து அவரை ஓய்வுக்குத் தள்ளினார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ‘நீங்கள் சொல்லும் உடம்பு உடம்பே இல்லை, கருவைப் பாருங்கள், முதல் நாலு செல்களில் பாதமாகப் பிறந்தது எதுவும் இல்லை’ என்று பதில் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஓட்டை வாதம். கடலிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. 1905இல் எட்வின் காங்க்ளின் ஆசிடியன் என்ற கடல்பிராணியின் கருவைப் பின்தொடர்ந்தார். அதன் முட்டையில் மஞ்சளாக ஒரு பகுதி உண்டு. அது எந்தச் செல்களுக்குப் போகிறதோ அவை வால் தசையாகின்றன. பிரித்தெடுத்தாலும் பெரும்பாலும் தசையாகவே ஆகின்றன. ரூ சொன்ன மொசைக்குக்கு இது ரொம்பப் பக்கம். முதுகெலும்பில்லாத பிராணிகளில் நமக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் கூட்டம்தான் என்பது கூடுதல் வேடிக்கை. கடல் முள்ளெலியைக் காட்டி நான் சமத்துவம் பேசினால், இன்னொருவர் ஆசிடியனைக் காட்டி வருணம் பேசுவார். இயற்கையிடம் இரண்டுக்கும் மாதிரி இருக்கிறது. இப்படித்தான் வாழவேண்டும் என்று கரு யாருக்கும் தீர்ப்பு எழுதித் தருவதில்லை.

உடம்பு உவமை உடைவது இன்னும் ஆழமான ஓரிடத்தில். நாலு செல்களும் முழுசாகும் வாய்ப்பை விட்டுக்கொடுத்துக் கால்வாசியாக நிற்கும்போது, அந்த இழப்பை அனுபவிப்பது யார்? யாரும் இல்லை. தனித்தனியாகப் போயிருந்தால் நாலு குட்டி லார்வாக்கள். சேர்ந்து நின்றதால் முழு அளவில் ஒன்று. செல்லுக்கு என்று தனியாக ஒரு வாழ்க்கை இல்லை, அதனால் அங்கே அநியாயமும் இல்லை. மனிதர்கள் அப்படி இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாழ்க்கை, அதை உள்ளிருந்து வாழ்கிறவரும் அவர் மட்டுமே. ஒருவர் இழந்ததை இன்னொருவர் பெற்றதோடு கூட்டிக் கணக்கை நேர் செய்ய முடியாது. 1971இல் ஜான் ரால்ஸ் நீதியைப் பற்றிய தன் நூலில் அழுத்திச் சொன்னவற்றில் இதுவும் ஒன்று. மனிதர்களின் தனித்தன்மையை மறந்துவிட்டு மொத்த நன்மையை மட்டும் கூட்டிப் பார்க்க முடியாது என்றார். சமூகத்தை உடம்பு என்று சொல்கிறவர் முதலில் அழிப்பது இந்த வித்தியாசத்தைத்தான். பாதம் வலித்தாலும் வலியை உணர்கிறவர் முகத்தோடு சேர்ந்த அதே ஆள். சமூகத்தில் பாதம் என்று ஒதுக்கப்பட்டவரின் வலி முகத்துக்குத் தெரிவதே இல்லை.

7

அப்படியென்றால் இத்தனை தூரம் கடல் முள்ளெலியோடு வந்ததில் என்ன மிச்சம்?

ஒரு அறம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு தவறான தர்க்கம் பிடிபட்டது. ‘ஆகவில்லை, ஆகவே ஆகியிருக்க முடியாது.’ இது செல்லுக்கும் பொருந்தாது, சர்வருக்கும் பொருந்தாது, மனிதருக்கும் பொருந்தாது. இதை மறுக்க மனிதர் செல்லைப் போன்றவர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனதை வைத்து ஆகக்கூடியதை அளக்க முடியாத ஓரிடம் இருந்தாலே போதும். அதற்குப் பிறகு, மனிதர்கள் விஷயத்தில் மட்டும் அளக்க முடியும் என்பவர்தான் சான்று தரவேண்டும். ரூ செய்த தவறும் இதுதான். பக்கத்தில் ஒட்டியிருந்ததைக் கணக்கில் எடுக்காமல், பாதியாக நின்ற செல்லைப் பார்த்து அது பாதியாகவே பிறந்தது என்றார்.

இதே கத்தி மறுபக்கமும் வெட்டும். ‘எனக்கு மட்டும் வாய்ப்பு கிடைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்’ என்று சொல்வதற்கும் இது அனுமதி தரவில்லை. ஹோர்ஸ்டேடியஸின் மேல்பாதிச் செல்களைப் பிரித்துத் தனியாக விட்டும் அவை முழுசாகவில்லை. அது ஆகுமா ஆகாதா என்று தெரிந்தது சோதனை செய்ததால். மனித வாழ்க்கையில் அந்தச் சோதனையைச் செய்ய வழியில்லை. ஒருவரைப் பிரித்தெடுத்து வேறு பக்கத்துவீட்டில் வைத்து மறுபடி பிறக்கவிட முடியாது. ஆகவே இரண்டு பக்கமும் வாயைக் கொஞ்சம் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். என் வெற்றி பிறருடைய இயலாமைக்குச் சாட்சி இல்லை. என் தோல்வியும் எனக்குள் ஒளிந்திருக்கும் மேதைக்குச் சாட்சி இல்லை.

அப்படியானால் நேர்காணலே நடத்தக்கூடாதா? நடத்தலாம். அடுத்த மாதம் ஒரு வேலை ஆகவேண்டும், அதற்கு இன்றைக்குத் தெரிந்தவர் வேண்டும். அதை அளப்பதில் தவறில்லை. ‘இவருக்கு இப்போது இது தெரியவில்லை’ என்பது ஒரு வாக்கியம். ‘இவரால் முடியாது’ என்பது இன்னொரு வாக்கியம். முதலாவதை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். இரண்டாவதை ஒரு மணி நேரத்தில் சொல்ல எந்த மனிதருக்கும் அருகதை கிடையாது. அதைக் கேட்டுக் கேட்டு வளர்கிறவருக்கு அதுவே ஹெஸ்-சி ஆகிவிடும். முதலில் தீர்ப்பாக வந்தது, பிறகு உள்ளே உட்கார்ந்து அடக்குவதாக ஆகிவிடும்.

பொறுப்பு என்ற சொல்லை நான் இப்போது வேறு இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். என்னவாக ஆனேன் என்பதற்கு எவ்வளவு பாராட்டு எனக்கு, எவ்வளவு மற்றவர்களுக்கு என்கிற பங்கு பிரிப்பில் முடிவு வராது, வரவும் தேவையில்லை. ஆனால் நானும் யாருக்கோ பக்கத்துவீடு. என்னிடமிருந்தும் செய்திகள் போய்க்கொண்டேயிருக்கின்றன, நான் வாயைத் திறக்காதபோதும்கூட. ஒரு கூட்டத்தில் நான் எல்லாக் கேள்விக்கும் முதலில் பதில் சொன்னால், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் புதியவருக்கு ‘நீ வேண்டாம்’ என்று போகிறது. கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, எலும்பு கட்டும் அந்த 64 செல்களுக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. செல்லுக்குத் தான் என்ன செய்தி அனுப்புகிறோம் என்று தெரியாது, நிறுத்தவும் முடியாது. எனக்குத் தெரியும், நிறுத்தவும் முடியும். செல்லுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசங்களில் அறத்துக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

அந்த விடுதியின் கேட் நேரத்தை இரண்டு வருடம் முன்பு எட்டரைக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று ஜூனியர் ஒருவர் சொன்னார். லேப் இப்போது பத்து மணி வரை திறந்திருக்கிறதாம். இடைவெளி ஒன்றரை மணி நேரம்.